ஒரே நஞ்சுக்கொடியைப் பகிரும் இரட்டைக் கரு: வளர்ச்சிக் குறைபாடும் பிற சிக்கல்களும்

கருவில் இரட்டைக் குழந்தைகள் இருப்பது ஸ்கேன் பரிசோதனையில் தெரிய வந்ததும் குடும்பத்தினர் முதலில் கேட்பது, இரண்டும் நலமாக உள்ளனவா என்பதாகும். அதனுடன் சேர்த்துக் கேட்க வேண்டிய மற்றொரு கேள்வி உண்டு: இரு சிசுக்களுக்கும் நஞ்சுக்கொடி ஒன்றா, இரண்டா? பேறுகாலம் முழுவதும் எத்தனை முறை ஸ்கேன் எடுக்க வேண்டும், எந்த மருத்துவமனையில் எடுக்க வேண்டும், எந்த வாரத்தில் பிரசவம் நிகழ வேண்டும் என்பவற்றை இக்கேள்விக்கான விடையே பெரிதும் தீர்மானிக்கிறது.

நஞ்சுக்கொடி என்பது கருப்பையின் சுவரில் ஒட்டி வளர்ந்து, தாயின் இரத்தத்திலிருந்து உயிர்வளியையும் ஊட்டத்தையும் பெற்று, தொப்புள்கொடி வழியாகச் சிசுவிற்கு அனுப்பும் உறுப்பு. பிரசவத்திற்குப் பின் "நஞ்சு விழுந்தது" என்று வீட்டுப் பெரியவர்கள் குறிப்பிடுவது இதையே.

இரட்டையர் எவ்வாறு உருவாகின்றனர்?

இரண்டு சினைமுட்டைகள் தனித்தனியே கருவுற்றால் உருவாகும் இரட்டையர்க்கு எப்போதும் தனித்தனி நஞ்சுக்கொடி இருக்கும். ஒரே சினைமுட்டை கருவுற்றபின் இரண்டாகப் பிரிந்தால் உருவத்தில் ஒத்த இரட்டையர் உருவாகின்றனர். இவ்வகை ஏறத்தாழ 250 பிரசவங்களுக்கு ஒன்று என்ற அளவில் உலகெங்கும் காணப்படுகிறது. கரு எந்த நாளில் பிரிகிறது என்பதைப் பொறுத்து நிலை மாறுகிறது. முதல் மூன்று நாட்களுக்குள் பிரிந்தால் நஞ்சுக்கொடியும் பனிக்குடமும் தனித்தனியாக அமையும். நான்காம் நாள் முதல் எட்டாம் நாள் வரையிலான காலத்தில் பிரிந்தால் நஞ்சுக்கொடி ஒன்றாகவும் பனிக்குடம் இரண்டாகவும் இருக்கும். அதற்கும் பின்னர் பிரிந்தால் நஞ்சுக்கொடி, பனிக்குடம் இரண்டுமே பொதுவாகிவிடும். ஒத்த இரட்டையருள் மூன்றில் இரண்டு பங்கினருக்கு நஞ்சுக்கொடி ஒன்றே. ஸ்கேன் அறிக்கைகளில் இந்நிலை "மோனோகோரியானிக்" என்றும், நஞ்சுக்கொடி தனித்தனியாக இருக்கும் நிலை "டைகோரியானிக்" என்றும் குறிப்பிடப்படுகிறது.

ஒத்த இரட்டையர் உருவாவது உணவினாலோ, தாயின் செயலினாலோ, பரம்பரையினாலோ அன்று. ஒட்டிய இரட்டை வாழைப்பழத்தை உண்டால் இரட்டைக் குழந்தை பிறக்கும் என்ற நம்பிக்கை நம்மிடையே இன்றும் உள்ளது. அதில் உண்மை இல்லை. செயற்கைக் கருத்தரிப்பு முறைகளில் கரு பிரியும் வாய்ப்பு சற்றுக் கூடுகிறது என்பது மட்டுமே அறியப்பட்ட தொடர்பு.

எப்போது கண்டறிய வேண்டும்?

கருவுற்ற 11 முதல் 14 வாரங்களுக்குள் எடுக்கப்படும் ஸ்கேனில் நஞ்சுக்கொடி ஒன்றா இரண்டா என்பதை மிகத் தெளிவாகக் காணலாம். இரு பனிக்குடங்களுக்கும் இடையிலுள்ள சவ்வு நஞ்சுக்கொடியைத் தொடும் இடம் தடித்து முக்கோணமாகத் தெரிந்தால் நஞ்சுக்கொடிகள் தனித்தனியானவை. சவ்வு மெல்லியதாக நேராகச் சென்று, ஆங்கில எழுத்தான "டி" போலத் தெரிந்தால் நஞ்சுக்கொடி பொதுவானது. வாரங்கள் கடக்கக் கடக்க இவ்வடையாளம் மங்கிவிடும். ஐந்தாம் மாதத்தில் முதன்முறையாக ஸ்கேன் எடுப்பவர்களுக்கு இதைக் கண்டறிவது கடினமாகும். அத்தகைய நிலையில் ஐயம் நீங்கும்வரை நஞ்சுக்கொடி ஒன்றே எனக் கருதிக் கவனிப்பதே பாதுகாப்பானது.

இந்தியாவில் 1994ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி சிசுவின் பாலினத்தைக் கேட்பதும் தெரிவிப்பதும் குற்றமாகும். இதனால் சிலர் ஸ்கேன் அறையில் எதையுமே கேட்கத் தயங்குகின்றனர். நஞ்சுக்கொடி ஒன்றா, பனிக்குடம் ஒன்றா எனக் கேட்பதற்கு எவ்விதத் தடையும் இல்லை. அறிக்கையில் அது எழுதப்பட்டுள்ளதா என்று பார்த்து, எழுதப்படவில்லையெனில் எழுதித் தருமாறு கேட்கலாம், கேட்கவும் வேண்டும். முதல் அறிக்கையையும் அதனுடன் தரப்படும் படங்களையும் பிரசவம் வரை பத்திரமாக வைத்திருங்கள்.

சிக்கல்கள் ஏன் ஏற்படுகின்றன?

பொதுவான நஞ்சுக்கொடியில் இருவரின் இரத்தக் குழாய்களும் ஒன்றோடொன்று இணைந்திருக்கும். ஏறத்தாழ எல்லா மோனோகோரியானிக் கருவிலும் இவ்விணைப்புகள் உண்டு. ஒருவரின் இரத்தம் மற்றவரிடம் செல்வதும் மீண்டும் வருவதும் இடைவிடாது நிகழ்கின்றன. வரவும் செலவும் சமமாக இருக்கும்வரை இதனால் தீங்கில்லை. பெரும்பாலான தாய்மார்களுக்கு அவ்வாறே அமைகிறது.

சிக்கல் இரு வழிகளில் தோன்றுகிறது. முதலாவது, இரத்தப் பரிமாற்றம் ஒருபக்கமாகச் சாய்வது. இரண்டாவது, நஞ்சுக்கொடி இருவருக்கும் சமமாகப் பங்கிடப்படாமல் ஒருவருக்குப் பெரும்பகுதியும் மற்றவருக்குச் சிறுபகுதியும் கிடைப்பது. சிலருக்கு இவ்விரண்டும் சேர்ந்தே இருக்கும்.

ஒரு சிசுவின் வளர்ச்சி மட்டும் குன்றுதல்

நூறு மோனோகோரியானிக் கருக்களில் 10 முதல் 15 வரையில் இந்நிலை காணப்படுகிறது. அறிக்கையில் "எஸ்.எஃப்.ஜி.ஆர்." என்று எழுதப்பட்டிருக்கலாம். ஒரு சிசு தன் வாரத்திற்குரிய எடையுடன் வளர, மற்றது பின்தங்கும். பல வேளைகளில் சிறிய சிசுவின் தொப்புள்கொடி நஞ்சுக்கொடியின் நடுவில் பொருந்தாமல் ஓரத்திலோ சவ்விலோ பொருந்தியிருக்கும்.

மருத்துவர்கள் இரண்டு அளவுகளைப் பார்க்கின்றனர். ஒன்று, சிறிய சிசுவின் எடை அதே வாரத்திலுள்ள சிசுக்களோடு ஒப்பிடுகையில் எந்த இடத்தில் உள்ளது என்பது. கடைசிப் பத்து விழுக்காட்டிற்குள் இருந்தால் கவனிக்க வேண்டும். கடைசி மூன்று விழுக்காட்டிற்குள் இருந்தால் அதுவே இந்நிலையை உறுதிசெய்யப் போதுமானது. மற்றொன்று, இருவருக்கும் இடையிலான எடை வேறுபாடு. பெரிய சிசுவின் எடையிலிருந்து சிறிய சிசுவின் எடையைக் கழித்து, வரும் விடையைப் பெரிய சிசுவின் எடையால் வகுத்து விழுக்காடாக்க வேண்டும். எடுத்துக்காட்டாக, ஒன்று 480 கிராம், மற்றது 360 கிராம் எனில் வேறுபாடு 120 கிராம். அதாவது 25 விழுக்காடு. 25 விழுக்காடும் அதற்கு மேலும் உள்ள வேறுபாடு கவலைக்குரியது. ஸ்கேனில் கணக்கிடப்படும் எடை ஒரு மதிப்பீடே. உண்மை எடையிலிருந்து பத்து, பதினைந்து விழுக்காடு வரை அது மாறுபடக்கூடும். எனவே ஒரே ஒரு அறிக்கையைக் கொண்டு கலங்க வேண்டியதில்லை. அடுத்தடுத்த ஸ்கேன்களில் வளர்ச்சி எவ்வாறு செல்கிறது என்பதே முக்கியம்.

எடைக்கு அடுத்தபடியாக, சிறிய சிசுவின் தொப்புள்கொடியில் இரத்தம் எவ்வாறு பாய்கிறது என்பதை டாப்ளர் ஸ்கேன் காட்டும். சிசுவின் இதயம் துடிக்கும்போது இரத்தம் வேகமாக நஞ்சுக்கொடியை நோக்கிச் செல்கிறது. இரு துடிப்புகளுக்கு இடையே இதயம் இளைப்பாறும் கணத்திலும் இரத்தம் மெதுவாக முன்னோக்கியே செல்ல வேண்டும். இக்கணத்தில் காணப்படும் ஓட்டத்தை வைத்து இந்நிலையை மூன்று வகைகளாகப் பிரிக்கின்றனர். பார்சிலோனாவைச் சேர்ந்த மருத்துவர் கிராடகோஸும் அவருடன் பணியாற்றியோரும் 2007ஆம் ஆண்டில் வெளியிட்ட இப்பகுப்பு இன்று பல நாடுகளிலும் பின்பற்றப்படுகிறது.

முதல் வகையில் ஓட்டம் எப்போதும் முன்னோக்கியே உள்ளது. இவ்வகையில் பத்தில் ஒன்பதுக்கும் மேற்பட்ட குழந்தைகள் பிழைத்து வளர்கின்றன. பெரும்பாலும் தொடர் கண்காணிப்பே போதுமானது. இரண்டாம் வகையில் ஓட்டம் அக்கணத்தில் நின்றுவிடுகிறது அல்லது பின்னோக்கித் திரும்புகிறது. இதில் சிறிய சிசுவின் நிலை படிப்படியாக மோசமடையும் வாய்ப்பு அதிகம் என்பதால், மிக முன்னதாகவே பிரசவம் செய்ய நேரிடலாம். மூன்றாம் வகையில் ஓட்டம் சிறிது நேரம் சரியாகவும் சிறிது நேரம் தவறாகவும் மாறி மாறி அமைகிறது. இவ்வகையில் சிசு நன்றாகவே இருப்பதுபோலத் தோன்றும். எனினும் எதிர்பாராத வகையில் சிறிய சிசு கருவிலேயே இறந்துவிடும் நிலை சுமார் 10 முதல் 15 விழுக்காட்டினருக்கு ஏற்படுகிறது. எனவே "ஸ்கேன் நன்றாக இருக்கிறது" என்ற சொல் மூன்றாம் வகைக்கு முழு உறுதி ஆகாது என்பதைக் குடும்பத்தினர் முன்னரே அறிந்திருப்பது நல்லது.

இங்கு ஒரு விந்தையும் உண்டு. நஞ்சுக்கொடியின் சிறுபகுதியை மட்டும் பெற்ற சிசு, பல வேளைகளில் இணைப்புக் குழாய்கள் வழியாகப் பெரிய சிசுவிடமிருந்து வரும் இரத்தத்தைக் கொண்டே உயிர்வாழ்கிறது. அதே அளவு சிறிய நஞ்சுக்கொடி தனித்த கருவிற்கு இருந்தால் அது அவ்வளவு காலம் தாங்காது. ஆனால் இதே இணைப்புகளே, சிறிய சிசுவின் இரத்த அழுத்தம் திடீரெனக் குறைந்தால், பெரிய சிசுவின் இரத்தத்தையும் இழுத்துச் சென்றுவிடுகின்றன. காப்பதும் இடர் தருவதும் ஒரே குழாய்களாக இருப்பதால்தான் சிகிச்சை முடிவுகள் இவ்வளவு கடினமாகின்றன. லேசர் மூலம் இணைப்புகளைத் துண்டித்தால் பெரிய சிசுவிற்குப் பாதுகாப்பு கிடைக்கும். சிறிய சிசு தன் ஆதரவை இழந்து இறக்க நேரிடலாம். தொடர்ந்து கண்காணித்தல், லேசர் சிகிச்சை, முன்கூட்டிய பிரசவம், சட்டத்திற்கு உட்பட்டு ஒரு சிசுவின் கொடியை அடைத்து மற்றதைக் காத்தல் ஆகியவற்றுள் எதைத் தேர்ந்தெடுப்பது என்பதற்கு எல்லாருக்கும் பொருந்தும் ஒரே விடை இல்லை. வாரம், டாப்ளர் வகை, எடை வேறுபாடு, பெற்றோரின் விருப்பம் ஆகிய அனைத்தையும் வைத்துக் கருமருத்துவ வல்லுநருடன் பேசியே முடிவெடுக்க வேண்டும். ஒரே அமர்வில் முடிவு சொல்ல வேண்டிய கட்டாயம் பெரும்பாலும் இருக்காது. வீட்டிற்குச் சென்று பேசிவிட்டு வரலாமா என்று மருத்துவரிடம் கேட்கத் தயங்க வேண்டாம்.

தாய் அதிகம் உண்டால் சிறிய சிசு வளருமா?

மருத்துவர்களிடம் மிகுதியாகக் கேட்கப்படும் கேள்வி இது. குடும்பத்தில் தாயின் மீது சுமத்தப்படும் பழியும் பெரும்பாலும் இதையொட்டியே எழுகிறது. "சரியாகச் சாப்பிடவில்லை", "ஓய்வே எடுக்கவில்லை", "பேருந்தில் அலைந்தாள்" என்ற பேச்சுகளைக் கேட்டு மனமுடைந்து வரும் தாய்மார்கள் பலர்.

இரு சிசுக்களும் ஒரே தாயின் இரத்தத்திலிருந்தே ஊட்டம் பெறுகின்றன. அவற்றுள் ஒன்று சரியாக வளர்ந்திருப்பதே, தாயின் உணவு காரணமன்று என்பதற்குச் சான்று. நஞ்சுக்கொடியின் பங்கு கரு உருவான தொடக்க நாட்களிலேயே அமைந்துவிடுகிறது. கூடுதல் முட்டை, பால், புரதப் பொடி, குங்குமப்பூ எதுவும் அப்பங்கை மாற்றுவதில்லை. முழு நாளும் படுத்த படுக்கையாக இருப்பதும் சிறிய சிசுவின் எடையைக் கூட்டுவதில்லை; மாறாக, கால்களில் இரத்தம் உறையும் ஆபத்தைக் கூட்டுகிறது. தாயின் உடல்நலத்திற்காகச் சத்தான உணவும் இரும்புச்சத்து, ஃபோலிக் அமில மாத்திரைகளும் கட்டாயம் தேவை. இரட்டைக் கருவில் இரத்தசோகையும் உயர் இரத்த அழுத்தமும் தாய்க்கு ஏற்படும் வாய்ப்பு அதிகம் என்பதால் ஒவ்வொரு வருகையிலும் இவை பரிசோதிக்கப்பட வேண்டும்.

இரட்டையரிடையே இரத்தம் ஒருபக்கமாகச் செல்லுதல்

அறிக்கைகளில் "டி.டி.டி.எஸ்." எனக் குறிக்கப்படும் இந்நிலையும் மோனோகோரியானிக் கருக்களில் 10 முதல் 15 விழுக்காட்டில் ஏற்படுகிறது. பெரும்பாலும் 16 முதல் 26 வாரங்களுக்குள் தோன்றும். இரத்தம் கொடுக்கும் சிசுவிற்கு உடலில் நீர்மம் குறைந்து சிறுநீர் சுரப்பு குறைகிறது. அதன் பனிக்குட நீர் வற்றுகிறது. சவ்வு உடலோடு ஒட்டிக்கொள்ள, அச்சிசு கருப்பையின் சுவரில் அசையாமல் ஒட்டியிருப்பதுபோல் தெரியும். இரத்தம் பெறும் சிசுவோ மிகுதியான நீர்மத்தை வெளியேற்ற அதிகமாகச் சிறுநீர் கழிக்கிறது. அதன் பனிக்குடம் நீரால் நிரம்பி வழிகிறது. அதன் இதயமும் கூடுதல் சுமையால் களைத்துப்போகிறது. "இரத்தம் பெறுவது நல்லதுதானே" என்று சிலர் எண்ணுவதுண்டு. இரு சிசுக்களுக்குமே இது ஆபத்தானது.

ஒரு பனிக்குடத்தில் நீரின் ஆழம் 2 செ.மீ.க்குக் கீழும், மற்றதில் 8 செ.மீ.க்கு மேலும் இருந்தால் இந்நிலை உறுதிசெய்யப்படுகிறது. வளர்ச்சி குன்றும் நிலையிலிருந்து இதை வேறுபடுத்துவது இந்நீரின் அளவே. அங்குச் சிறிய சிசுவின் நீர் குறைந்தாலும் பெரிய சிசுவின் நீர் இயல்பாகவே இருக்கும். தீவிரத்தைக் குறிக்க, 1999ஆம் ஆண்டில் மருத்துவர் குயின்டெரோ வகுத்த ஐந்து நிலைகள் பயன்படுத்தப்படுகின்றன. நிலைகள் எப்போதும் ஒன்று, இரண்டு என்று வரிசையாகச் செல்வதில்லை. முதல் நிலையில் பல வாரங்கள் நின்றுவிடுவதும் உண்டு. சில நாட்களிலேயே தீவிரமடைவதும் உண்டு.

தீவிர நிலையில் சிகிச்சை அளிக்காவிட்டால் பெரும்பாலும் இரு சிசுக்களையும் இழக்க நேரிடும். இன்றைய முதன்மைச் சிகிச்சை, சிசுநோக்கிக் கருவி வழியாகச் செய்யப்படும் லேசர் சிகிச்சை. தாயின் வயிற்றில் சில மில்லிமீட்டர் அளவே உள்ள துளையிட்டு, மெல்லிய குழல் கருவியைப் பனிக்குடத்தினுள் செலுத்தி, நஞ்சுக்கொடியின் மேற்பரப்பில் இணைந்துள்ள குழாய்களை ஒவ்வொன்றாக லேசர் ஒளியால் அடைக்கின்றனர். பின்னர் மிகுதியான நீர் வெளியேற்றப்படுகிறது. அமெரிக்க மருத்துவர் ஜூலியன் டி லியா 1990ஆம் ஆண்டில் இம்முறையின் முதல் அனுபவங்களை வெளியிட்டார். அதற்கு முன்னர் நீரை அவ்வப்போது ஊசி மூலம் எடுப்பதே வழக்கமாக இருந்தது. இரண்டு முறைகளையும் ஒப்பிட்டு ஐரோப்பாவில் நடத்தப்பட்டு 2004ஆம் ஆண்டில் வெளியான ஆய்வில், குறைந்தது ஒரு குழந்தையாவது பிறந்து 28 நாட்கள் வரை உயிருடன் இருந்தது லேசர் சிகிச்சை பெற்றவர்களில் 76 விழுக்காடு; நீர் எடுக்கப்பட்டவர்களில் 56 விழுக்காடு. அதன்பின் சிகிச்சை நுட்பம் மேலும் முன்னேறியுள்ளது.

இச்சிகிச்சைக்கும் இடர்கள் உண்டு. பனிக்குடம் முன்னதாக உடைதல், குறைமாதப் பிரசவம், ஒரு சிசுவையோ இரண்டையுமோ இழத்தல் ஆகியன நிகழலாம். வெற்றிகரமாக முடிந்தாலும் பிரசவம் பெரும்பாலும் 32ஆம் வாரத்தையொட்டியே நிகழ்கிறது. இந்தியாவில் சில கருமருத்துவ மையங்களில் மட்டுமே இது செய்யப்படுகிறது. ஆகவே சந்தேகம் எழுந்த அன்றே எங்குச் செல்ல வேண்டும், பயணத்திற்கும் தங்குவதற்கும் என்ன ஏற்பாடு என்பதை மருத்துவரிடம் கேட்டறிய வேண்டும். இதில் ஒரு வாரத் தாமதம் பெரிய வேறுபாட்டை உண்டாக்கும்.

குறைவாகக் காணப்படும் பிற நிலைகள்

இணைப்புக் குழாய்கள் ஒரு மில்லிமீட்டருக்கும் மெலிதாக இருந்தால், இரத்த அணுக்கள் மிக மெதுவாக ஒரு சிசுவிலிருந்து மற்றதற்குக் கசியும். நீரின் அளவு மாறாது. ஒரு சிசுவிற்கு இரத்தசோகையும் மற்றதற்கு இரத்தம் தடித்தலும் ஏற்படும். "டாப்ஸ்" எனப்படும் இந்நிலை தானாக 3 முதல் 5 விழுக்காட்டிலும், லேசர் சிகிச்சைக்குப் பின் எஞ்சிய சிறு இணைப்புகளாலும் தோன்றும். சிசுவின் மூளைக்குச் செல்லும் இரத்தத்தின் வேகத்தை டாப்ளர் மூலம் அளந்தால்தான் இதைக் காண முடியும். பிறக்கும்போது ஒரு குழந்தை வெளிறியும் மற்றது செக்கச்சிவந்தும் இருக்கும்.

மிக அரிதாக, ஒரு சிசுவிற்கு இயங்கும் இதயமே இல்லாமல், மற்றச் சிசுவின் இதயமே இருவருக்கும் இரத்தத்தைச் செலுத்தும் நிலையும் உண்டு. நஞ்சுக்கொடியும் பனிக்குடமும் இரண்டுமே பொதுவாக உள்ள கருவில் தொப்புள்கொடிகள் ஒன்றோடொன்று பின்னிக்கொள்வது ஏறத்தாழ எப்போதும் காணப்படுகிறது. இத்தாய்மார்களுக்கு 32 முதல் 34 வாரங்களுக்குள் அறுவை சிகிச்சை மூலம் பிரசவம் செய்ய அறிவுறுத்தப்படுகிறது.

ஒரு சிசு கருவிலேயே இறந்தால்

இதைப் பற்றி முன்னரே பேசுவது கடினம். எனினும் அறிந்திருக்க வேண்டியது. ஒரு சிசுவின் இதயம் நிற்கும்போது, உயிருள்ள சிசுவின் இரத்தம் இணைப்புகள் வழியாக அதன் உடலுக்குள் திடீரெனப் பாய்கிறது. இதனால் மற்றச் சிசுவும் இறக்கும் வாய்ப்பு சுமார் 15 விழுக்காடு. உயிர் பிழைத்தாலும் மூளையில் பாதிப்பு ஏற்படும் வாய்ப்பு நான்கில் ஒன்று என்ற அளவில் உள்ளது. இப்பாதிப்பு அந்தச் சில நிமிடங்களிலேயே நிகழ்ந்துவிடுவதால், "உடனே அறுவை செய்து மற்றதைக் காப்பாற்றுங்கள்" என்று கேட்பது இயல்பாயினும், குறைமாதத்தில் அவசரமாகப் பிரசவிப்பது பெரும்பாலும் உதவாது. குறைமாதப் பிறப்பின் இடரை அது கூட்டவே செய்யும். உயிருள்ள சிசுவின் இரத்தசோகையை டாப்ளர் மூலம் பார்ப்பார்கள். நான்கு முதல் ஆறு வாரங்களுக்குப் பின் சிசுவின் மூளையை எம்.ஆர்.ஐ. மூலம் பரிசோதிக்கலாம். இறந்த சிசு கருப்பையிலேயே இருப்பதால் தாய்க்கு "விஷம் ஏறும்" என்ற அச்சம் பரவலாக உள்ளது. அவ்வாறு நிகழ்வதில்லை, தாயின் உடல்நிலையை மருத்துவர்கள் தொடர்ந்து பார்த்துக்கொள்வர்.

இழந்த குழந்தைக்காகத் துயருறுவதும், அதே வேளையில் மற்றக் குழந்தைக்காகக் காத்திருப்பதும் தாய்க்கு மிகப் பெரிய மனச்சுமை. "ஒன்றாவது இருக்கிறதே" என்று ஆறுதல் சொல்வதைக் குடும்பத்தினர் தவிர்ப்பது நல்லது. உறக்கமின்மை, தொடர்ந்த அழுகை, உணவில் வெறுப்பு இருப்பின் மருத்துவமனையிலுள்ள மனநல ஆலோசகரை அணுகலாம்.

கண்காணிப்பு எவ்வாறு அமைய வேண்டும்?

மோனோகோரியானிக் கருவிற்கு 16ஆம் வாரம் முதல் இரண்டு வாரங்களுக்கு ஒருமுறை ஸ்கேன் தேவை. ஒவ்வொன்றிலும் இரு பனிக்குடங்களின் நீர் ஆழம், இரு சிசுக்களின் சிறுநீர்ப்பை, எடை வளர்ச்சி, டாப்ளர் ஓட்டம் ஆகியன பார்க்கப்பட வேண்டும். சிக்கல் கண்டறியப்பட்டால் வாரம் ஒருமுறையோ அதற்கும் அடிக்கடியோ தேவைப்படும். இத்தனை ஸ்கேன்கள் சிசுவிற்குத் தீங்காகுமோ என்று சில பெரியவர்கள் அஞ்சுவர். ஸ்கேனில் பயன்படுவது ஒலி அலையே. எக்ஸ்ரே கதிர் அன்று. இடைவெளியை நீட்டிப்பதுதான் ஆபத்து. முடிந்தவரை ஒரே மையத்தில் எடுப்பதும், சிசுக்களை ஒவ்வொரு முறையும் அதே வரிசையில் முதலாவது, இரண்டாவது எனக் குறிப்பதும் வளர்ச்சியை ஒப்பிட உதவும்.

இரு ஸ்கேன்களுக்கு இடையே பின்வருவனவற்றுள் எது தோன்றினாலும் அடுத்த தேதிக்காகக் காத்திராமல் உடனடியாக மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்: சில நாட்களுக்குள் வயிறு திடீரெனப் பெரிதாகி இறுக்கமாதல், படுத்தால் மூச்சுத் திணறல், விட்டுவிட்டு வரும் வயிற்றுவலி, நீர் கசிதல், இரத்தப்போக்கு, சிசுக்களின் அசைவு குறைதல், கடும் தலைவலி அல்லது பார்வை மங்கல். இரட்டைக் கரு என்றால் வயிறு பெரிதாகத்தான் இருக்கும் என்று விட்டுவிடக் கூடாது. இரவு நேரமாயினும் 108 அவசர ஊர்தியை அழைக்கலாம். அழைக்கும்போதே "இரட்டைக் கரு, ஒரே நஞ்சுக்கொடி" என்று தெரிவியுங்கள்.

பிரசவமும் அதன் பின்னரும்

சிக்கல் ஏதுமில்லாத, பனிக்குடங்கள் தனித்தனியாக உள்ள மோனோகோரியானிக் இரட்டையர்க்கு 36ஆம் வாரத்தையொட்டிப் பிரசவம் திட்டமிடப்படுகிறது. முதல் சிசு தலை கீழாக இருந்து, வேறு தடையும் இல்லையெனில் சுகப்பிரசவத்திற்கு வாய்ப்புண்டு. வளர்ச்சி குன்றிய நிலையில் நாள் குறிப்பது டாப்ளர் முடிவைப் பொறுத்தது. 28 முதல் 34 வாரங்களுக்குள்ளும் தேவைப்படலாம். குறைமாதப் பிரசவம் எதிர்பார்க்கப்படும்போது சிசுக்களின் நுரையீரல் முதிர்ச்சிக்காகத் தாய்க்கு ஸ்டீராய்டு ஊசி போடப்படும். மிக முன்னதாகப் பிரசவம் நிகழும் நிலையில் சிசுவின் மூளையைக் காக்க மெக்னீசியம் சல்ஃபேட் மருந்தும் தரப்படும். பச்சிளம் குழந்தைகளுக்கான தீவிர சிகிச்சைப் பிரிவு உள்ள மருத்துவமனையில் இரு குழந்தைகளுக்கும் இடம் உண்டா என்பதை முன்கூட்டியே உறுதிசெய்வது அவசியம். பிறந்தபின் குழந்தைகளை வேறு மருத்துவமனைக்கு மாற்றுவதைக் காட்டிலும், தாயின் வயிற்றில் இருக்கும்போதே மாற்றுவது பாதுகாப்பானது.

பிறந்த பின் சிறிய குழந்தை தீவிர சிகிச்சைப் பிரிவில் நீண்ட நாட்கள் இருக்க நேரிடலாம். பெரியது முன்னதாகவே தாயிடம் வந்துவிடலாம். தாய்ப்பாலைப் பிழிந்து சிறிய குழந்தைக்கு அனுப்புவதும், மருத்துவர் அனுமதித்தவுடன் மார்போடு அணைத்து வைக்கும் கங்காரு பராமரிப்பும் எடை கூட உதவும். தாய் ஓய்வெடுக்கும்போது தந்தையும் பாட்டியும் கூட இவ்வாறு அணைத்து வைக்கலாம். இரு குழந்தைகளுக்கும் இரத்த அளவு, தலை ஸ்கேன் ஆகியவை பார்க்கப்படும்.

வீட்டிற்கு வந்தபின் இருவரையும் ஒப்பிட்டு "இது தவழ்கிறது, அது இன்னும் புரளவில்லை" எனக் கவலைப்படும் பெற்றோர், வயதைப் பிறந்த நாளிலிருந்து கணக்கிடாமல், பிறந்திருக்க வேண்டிய நாளிலிருந்து கணக்கிட வேண்டும். எட்டு வாரம் முன்னதாகப் பிறந்த குழந்தைக்கு ஆறாம் மாதத்தில், நான்கு மாதக் குழந்தையின் திறன்களையே எதிர்பார்க்கலாம். தடுப்பூசிகளுக்கு மட்டும் பிறந்த தேதியே கணக்கு. அவற்றைத் தள்ளிப்போடக் கூடாது. பெரியதாகப் பிறந்த குழந்தைக்கும் மூளை வளர்ச்சிப் பரிசோதனை தேவை என்பதைப் பலர் மறந்துவிடுகின்றனர். மூன்றாம் வகை வளர்ச்சிக் குறைவிலும் லேசர் சிகிச்சைக்குப் பின்னரும் பாதிப்பு எக்குழந்தைக்கு வேண்டுமானாலும் இருக்கலாம். இரு குழந்தைகளையும் குறைந்தது இரண்டு வயது வரை, பிறந்த மருத்துவமனையின் தொடர் கண்காணிப்புப் பிரிவிற்கோ மாவட்டத்திலுள்ள ஆரம்பநிலை இடையீட்டு மையத்திற்கோ குறித்த நாட்களில் அழைத்துச் செல்லுங்கள். செல்லும்போது கருவில் எடுத்த ஸ்கேன் அறிக்கைகளையும் உடன் கொண்டு செல்ல வேண்டும்.